சாட்சி சொல்ல எழும்பும்போது



இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற பாடம் சாட்சி சொல்லுவதைப் பற்றியது. பாடத்தை வாசிக்கிறதற்கு முன்பாக யோவான் 9-ம் அதிகாரத்தையும், அப்போஸ்தலர் 22, 26-ம் அதிகாரங்களையும் எடுத்து ஒருமுறை நிதானமாய் வாசித்துக்கொள்ளுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் சத்தமாய் வாசித்துக் காட்டட்டும்.

ஒரு காரியத்தை யோசித்துப் பாருங்கள். நம்முடைய ஜவ்வாது மலையிலே கதை சொல்லத் தெரியாதவர் யார்? தேன் எடுக்கப் போய்வந்தவர் ராத்திரியிலே திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால், எந்தப் பாறை, கயிறு எந்த இடத்தில் நழுவிற்று, கூடப்போன மச்சான் கீழேயிருந்து என்ன கத்தினான் என்று ஒவ்வொன்றாய் வரும். பிள்ளைகள் தூக்கத்தை மறந்து கேட்பார்கள். புளி உலுக்கப் போன அம்மா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒரு சமாசாரம் சொன்னால் பஸ் வந்ததுகூடத் தெரியாது.

அதே தேன்காரர், அதே அம்மா, ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழும்பி நிற்கிறார்கள். என்ன சொல்லுகிறார்கள்? "எத்தனையோ பாடுகள், எத்தனையோ போராட்டங்கள், எல்லாவற்றிலும் கர்த்தர் அற்புதமாய் நடத்தினார், சாட்சியை முடிக்கிறேன், ஸ்தோத்திரம்." உட்கார்ந்துவிடுகிறார்கள். சபையாரும் அல்லேலூயா சொல்லுகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில், "அந்த அம்மா என்ன சாட்சி சொன்னாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

என்ன பாடு? எந்த நாள்? யார் வந்தார்கள்? ஒன்றும் தெரியாது. திண்ணையில் சொந்த வாயால் பேசினவர்கள் சபையில் கடன் வாங்கின வார்த்தையால் பேசுகிறார்கள். பிரியமானவர்களே, சாட்சி என்றால் கண்டவன் கண்டதைச் சொல்லுகிறது. கோர்ட்டிலே சாட்சிக் கூண்டில் ஏறினவன் "எத்தனையோ காரியங்கள் நடந்தது, ஐயா" என்று சொல்லி இறங்கமுடியுமா? என்றைக்கு, எங்கே, என்ன பார்த்தாய் என்றுதானே கேட்பார்கள்! நம்முடைய வாழ்க்கையைச் சொல்லுகிறதற்கும் அதுவே முறை.

1. ஒரு ராத்திரியைச் சொல்லுங்கள்

நம் மலையிலே காவலூரில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 1986-ல் வேலை செய்ய ஆரம்பித்த அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி 2 மீட்டருக்கு மேல் அகலம். அவ்வளவு பெரிய கண்ணாடி முழு வானத்தையும் ஒரேயடியாய்ப் பார்க்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வானத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அதையே கூர்ந்து பார்க்கிறது. அதனால்தான் நம் கண்ணுக்குத் தெரியாதது அதற்குத் தெரிகிறது.

உங்கள் பிறப்பு முதல் இந்நாள்வரை எல்லாவற்றையும் ஐந்து நிமிஷத்தில் சொல்ல முயற்சித்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாளை எடுங்கள். ஒரு ராத்திரியை எடுங்கள்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியை அறியாதவர் நம் மலையில் இல்லை. அது உண்டானதே ஒரு ராத்திரியின் கதையால்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் தகப்பனும் மிஷனெரி டாக்டர்கள். ஆனால் அமெரிக்காவில் படித்த இளம் ஐடாவுக்கு இந்த ஊழியத்தில் விருப்பமே இல்லை. தாயார் சுகவீனமாயிருந்தபடியால் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண வாலிபன், தன் இளம் மனைவி பிரசவ வேதனையில் தவிக்கிறாள், வாருங்கள் என்றான். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப்போங்கள்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் எங்கள் பெண்களைப் பார்க்கக்கூடாது என்று அவன் போய்விட்டான். மறுபடியும் கதவு தட்டப்பட்டது; ஒரு முஸ்லிம் கணவன், அதே காரியம். மூன்றாம் முறையும் தட்டப்பட்டது. வேறொரு இந்துக் குடும்பம், அதே காரியம். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்று செய்தி வந்தது.

ஐடா அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் ஆஸ்பத்திரி எழும்பினது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1960-ல் அவர் மரிக்கும்போது அது பெரிய மருத்துவக் கல்லூரியாய் வளர்ந்திருந்தது. இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னவுடனே ஜனங்கள் சொல்லுகிறது அந்த மூன்று தட்டல்களைத்தான்.

இதிலே இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அது ஒரே ராத்திரி. கதவுச் சத்தம் நம் காதிலும் கேட்கிறது. இரண்டாவது, அந்த ராத்திரியில் ஜெயம் ஒன்றுமில்லை. அவர் ஒருவரையும் காப்பாற்றவில்லை. தன்னால் ஒன்றும் செய்யமுடியாமல் போனதையே சொன்னார். கேட்டவர்களுடைய இருதயம் அங்கேதான் உடைந்தது. நம்மில் அநேகர் ஜெயித்த இடத்தை மாத்திரம் சொல்லத் தேடுகிறோம். கைவிரித்து நின்ற இடத்தையும் சொல்லுங்கள்.

2. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்

யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், பரிசேயர் கேட்கிறார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், மறுபடியும் அவனையே கேட்கிறார்கள். 11-ம் வசனத்தில் அவன் சொன்ன சாட்சியை விரலால் எண்ணிப்பாருங்கள்: யார் வந்தார், சேறு உண்டாக்கினார், கண்ணில் பூசினார், எந்தக் குளத்துக்குப் போகச் சொன்னார், போனேன், கழுவினேன், பார்வை வந்தது. ஒரே மூச்சு! அடுத்த வசனத்தில் அவர் எங்கே என்று கேட்டதற்குத் தனக்குத் தெரியாது என்கிறான். 25-ம் வசனத்திலும் தனக்குத் தெரியாததை ஒத்துக்கொண்டு, தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுகிறான். முன்பு பார்வை இல்லை, இப்போது உண்டு. படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்தும் அவனை அசைக்கமுடியவில்லை.

தேவப் பிள்ளைகளே, சாட்சிக்கு உரம் போட்டு வளர்க்கிற பழக்கம் நமக்கு வேண்டாம். போன வருஷம் மூன்று நாள் காய்ச்சலாய் இருந்தது இந்த வருஷம் மூன்று வாரமாகிறது. அடுத்த வருஷம் "டாக்டர்கள் கைவிட்டார்கள்" என்று ஆகிவிடுகிறது. பின்வரிசையில் உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காய்ச்சல் எத்தனை நாள் என்று அவர்களுக்குத் தெரியும். நம் ஊர்களில் ஒருவர் வீட்டு அடுப்பு எரியாவிட்டால் நாலு வீட்டுக்குத் தெரியும். பொய் கலந்த சாட்சியைக் கேட்ட பிள்ளை மெய்யான சாட்சியையும் நம்பாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனதையும் மாத்திரை சாப்பிட்டதையும் மறைத்து, ஜெபித்தோம் சுகமானது என்று மாத்திரம் சொன்னால், அதைக் கேட்ட ஒரு தாய் தன் பிள்ளையின் டி.பி. மாத்திரையை நடுவில் நிறுத்திவிடக்கூடும். டி.பி. மருந்தை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பவும் வரும், அந்த மருந்துக்கே கட்டுப்படாமலும் போகலாம். ஆகையால் நர்ஸ் அம்மா வந்தார்கள் என்றால் நர்ஸ் அம்மா வந்தார்கள் என்றே சொல்லுங்கள். அவர்களை அனுப்பினவருக்குத் தாராளமாய் மகிமை செலுத்துங்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் தேவனுடைய மகிமை குறைந்துபோகாது.

3. கேட்கிறவர் யார் என்று பாருங்கள்

அப்போஸ்தலனாகிய பவுலுக்கு தமஸ்கு சாலையில் நடந்தது ஒரே சம்பவம். அதை அவர் சொல்லுகிற விதத்தைக் கவனியுங்கள். 22-ம் அதிகாரத்தில் எருசலேமில் கோபமாயிருக்கிற யூத ஜனங்களுக்கு முன்பாகப் படிக்கட்டில் நின்று பேசுகிறார். அவர்களுடைய சொந்த பாஷையில் ஆரம்பித்தவுடனே கூட்டம் இன்னும் அமைதலாகிறது. தான் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், படிப்பித்த வாத்தியார் கமாலியேல் எல்லாம் சொல்லுகிறார். தன்னிடத்தில் வந்த அனனியாவையும் யூதரெல்லாரிடத்திலும் நற்பெயர் பெற்றவர் என்று சொல்லி அறிமுகப்படுத்துகிறார். 26-ம் அதிகாரத்தில் அகிரிப்பா ராஜாவுக்கு முன்பாகப் பேசும்போது அனனியா பேச்சே இல்லை. ராஜாவுக்கு அது தேவையில்லை. இரண்டு இடத்திலும் நேரம் நண்பகல் என்கிறதும் சாலை தமஸ்குக்குப் போகிற சாலை என்கிறதும் மாறவில்லை.

உண்மையை மாற்றவில்லை, எதைச் சொல்ல, எதை விட என்று தெரிந்துகொண்டார். நாமும் அப்படியே செய்யவேண்டும். சபைக்குள்ளே "அபிஷேகம்", "மாம்சம்", "பின்மாற்றம்" என்றால் புரியும். முதல் தடவையாய் வந்து வாசற்படி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணனுக்கு அது வேற்று பாஷை. "நான் பின்மாற்றத்தில் விழுந்தேன்" என்பதை விட்டு, "ஆறு மாசம் நான் இந்தப் பக்கமே வரல, வீட்டுல யார்கூடவும் பேசல" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நிமிர்ந்து உட்காருவார். நம் வீட்டுப் பேச்சைப் பற்றி வெட்கப்படாதீர்கள். பிரசங்கியாரைப் போல் பேசவேண்டியது பிரசங்கியாருடைய வேலை.

இன்னொன்று. 26-ம் அதிகாரத்திலே பவுலின் பழைய வாழ்க்கை 4 முதல் 11 வரை, எட்டு வசனம். சாலையில் நடந்தது 12 முதல் 18 வரை, ஏழு வசனம். அதற்குப் பின்பு நடந்தது 19 முதல் 23 வரை, ஐந்து வசனம். மூன்றும் ஏறக்குறையச் சமமாய் இருக்கிறது. நாமோ குடித்தது, அடித்தது, சீட்டாடினது என்று முக்கால்வாசி நேரத்தை அங்கேயே செலவழித்து, கடைசி வரியில் இரட்சிக்கப்பட்டேன் என்று முடித்துவிடுகிறோம். வாலிபர்கள் அந்த முக்கால்வாசியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளுவார்கள். மாறினபின்பு உங்கள் வீட்டில் என்ன மாறிற்று என்று சொல்லுங்கள்.

4. நடுவழியை மறைக்காதீர்கள்

பண்டித ரமாபாய் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1905-ல் முக்தி மிஷனில் உண்டான எழுப்புதலைக் குறித்து நம் சபைகளில் அடிக்கடி சொல்லுகிறோம். அவரும் மலைக்காட்டில் பிறந்தவர்தான். 1858-ல், மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகப் பக்கம். தாயாரிடத்தில் சமஸ்கிருதம் கற்றார். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்து, அண்ணனோடு ஊர் ஊராய் நடந்தார்.

1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1907-ல் தன் சாட்சியை எழுதினபோது, ஞானஸ்நானத்தோடு எல்லாம் முடிந்ததென்று அவர் எழுதவில்லை. மார்க்கத்தைக் கண்டுகொண்டேனே தவிர கிறிஸ்துவை இன்னும் கண்டுகொள்ளவில்லை என்று தனக்கு விளங்க எட்டு வருஷம் சென்றது என்கிற பொருளில் வெளிப்படையாய் எழுதினார். உலகமெங்கும் பேர் பெற்ற அம்மையார் அப்படி எழுதவேண்டிய அவசியம் என்ன? எழுதினபடியால்தான், ஞானஸ்நானம் எடுத்தும் உள்ளே வறண்டிருக்கிற அநேகர் அதை வாசித்து, "எனக்கும் இப்படித்தானே" என்று ஆறுதலடையமுடிந்தது.

"நேற்று இருட்டு, இன்று வெளிச்சம்" என்று இரண்டே வரியில் சொல்லுகிற சாட்சி கேட்கிறவனை எட்ட நிறுத்திவிடும். நடுவிலே தடுமாறின நாட்களையும் சொன்னால் அவன் பக்கத்தில் வந்து உட்காருவான்.

5. மற்றவர் மானம் உங்கள் கையில்

உங்கள் வாழ்க்கைக் கதையில் நீங்கள் ஒருவர் மாத்திரம் இல்லை. மாமியார், மருமகள், வீட்டுக்காரர், பங்காளி எல்லாரும் இருக்கிறார்கள். உங்கள் பாவத்தை அறிக்கையிட உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் பாவத்தைச் சபை நடுவில் அறிக்கையிட யார் உரிமை கொடுத்தது? பவுல் அகிரிப்பாவுக்கு முன்பாகச் சொன்ன பழைய வாழ்க்கையில், தான் செய்த துன்பத்தைத்தான் சொல்லுகிறார். கூடச் சேர்ந்து செய்தவர்களுடைய பேர்ப்பட்டியலைக் கொடுக்கவில்லை.

நம் மலையில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம். 2015 ஏப்ரல் மாதம் ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் 20 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லப்பட்டது. அவர்களில் நம் மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வேலை கிடைக்காமல் மேஸ்திரி பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் மனந்திரும்பிச் சாட்சி சொல்லுகிறதுண்டு. சொல்லட்டும், அது நல்ல சாட்சி. ஆனால் "நானும் இன்னாரும் போனோம்" என்று ஒரு பேர் வாயிலிருந்து விழுந்தால், அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசிக்கவேண்டும். கூட நின்றவனுடைய கதை அவனுடையது. அவன் எழும்பி அவனே சொல்லுகிற நாள்வரைக்கும் அதை மூடி வையுங்கள். வீட்டாரைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தால் முன்னாலேயே அவர்களைக் கேளுங்கள்: "இதைச் சபையில சொல்லலாமா?" வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

6. ஒரு மாதிரி

ஒரு சகோதரி இப்படிச் சாட்சி சொல்லுகிறதாக வைத்துக்கொள்ளுவோம்:

"எனக்குப் பல தேவைகள் இருந்தது, எல்லாக் கதவும் அடைபட்டது, கர்த்தர் அற்புதமாய்ப் போஷித்தார்."

அதே காரியத்தை அவர் இப்படியும் சொல்லலாம்:

"போன ஆடி மாசம் வீட்டுக்காரர் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். நாற்பது நாளா சேதியில்ல. போன் போட்டா எடுக்கல. பானையில ஒரு படி சாமைதான் இருந்தது. சின்னவன் பசிச்சு அழுதான், பெரியவ 'எனக்குப் பசிக்கல'ன்னு சொன்னா. அவளுக்குப் பசிச்சதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தேன், வாயில வார்த்தை வரல. சும்மா உட்கார்ந்திருந்தேன். விடியக்காலம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு முறத்துல சாமை கொண்டாந்து வச்சாங்க. அவங்க நம்ம சபை இல்ல. 'ராத்திரி பையன் அழுத சத்தம் கேட்டுது'ன்னாங்க, அவ்வளவுதான். நான் ஜெபிக்க முடியாத ராத்திரியில என் பிள்ளை அழுததைக் கர்த்தர் ஜெபமா எடுத்துக்கிட்டார்னு நான் நம்புறேன். இப்போ சாமை புடைக்கும்போதெல்லாம் அந்த அக்கா வீட்டுக்கு ஒரு முறம் எடுத்து வைக்கிறேன்."

இரண்டாவதில் பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. மாசம் இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது, ஒரு படி சாமை இருக்கிறது, பெரியவள் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. ஜெபிக்க முடியவில்லை என்கிற மெய் இருக்கிறது. உதவி செய்தவர் வேறு மார்க்கத்தார் என்பதை மறைக்கவில்லை. கடைசியில், இன்றைக்கு என்ன செய்கிறேன் என்பதும் இருக்கிறது. சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் கேட்டவர் அந்த முறத்தை மறக்கமாட்டார்.

7. "எனக்கு என்ன சாட்சி இருக்கு?"

இப்படிச் சொல்லுகிறவர்களுக்காகவே இந்தப் பாடம் எழுதப்படுகிறது. ஜெயிலுக்குப் போனவர், தூக்குக் கயிற்றில் தொங்கித் தப்பினவர், பிசாசு பிடித்துத் தெளிந்தவர், இவர்களுக்குத்தான் சாட்சி உண்டு என்று அநேகர் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கியமாய் நம் வீட்டு வயதான தாய்மார். ரோடு வராத காலத்தில் புளியையும் பலாப்பழத்தையும் தலையில் சுமந்து மலையிறங்கினவர்கள் அவர்கள். டோலி கட்டிப் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கிப்போனதைப் பார்த்தவர்கள். முதல் முதலாய் நம் ஊரில் ஒரு வீட்டில் ஜெபம் நடந்தபோது வெளியே நின்று கேட்டவர்கள். அவர்களைக் கேட்டால், "எனக்கு என்னத்த தெரியும் சாமி" என்பார்கள். அவர்கள் போய்விட்டால் அந்தக் கதைகளை எந்தப் புத்தகத்தில் போய்த் தேடுவோம்?

மாற்கு 5-ம் அதிகாரத்தில் லேகியோன் நீங்கினவன் ஆண்டவரோடேகூட வர ஆசைப்பட்டான். அவரோ அவனைச் சொந்த வீட்டாரிடத்துக்கு அனுப்பினார். நம்மை நன்றாய் அறிந்தவர்கள் நடுவிலே சொல்லுகிறதுதான் கஷ்டமான சாட்சி. அவர்கள் நம்பினால் அது நிலைக்கும்.

இந்த மாதம் செய்யவேண்டியது

ஒரு நோட்டை எடுத்து, அல்லது மனதிலேயே, மூன்று கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் நான் எங்கே, யாரோடு இருந்தேன்? என்ன நடந்தது, நான் என்ன பார்த்தேன், என்ன கேட்டேன்? அதற்குப் பின்பு இன்றுவரை என் வீட்டில் என்ன வித்தியாசம்? முதலில் அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர், "அப்படி இல்லியே, அன்னிக்கு நடந்தது வேற" என்று திருத்தினால், கோபப்படாமல் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் முடியுங்கள். முடிந்தவுடன் உட்காருங்கள், பிரசங்கம் பண்ண ஆரம்பிக்கவேண்டாம்.

வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு சாயங்காலம் உட்காருங்கள். "சாட்சி சொல்லுங்க" என்று கேட்கவேண்டாம், பயந்துவிடுவார்கள். "பாட்டி, ரோடு வராத அப்ப மழைக்காலத்துல கீழ எப்படி இறங்குவீங்க?" என்று கேளுங்கள். மற்றது தானாய் வரும். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவையுங்கள், அழகுபடுத்தவேண்டாம். அவர்கள் சம்மதித்தால் அடுத்த உபவாச ஜெபத்தில் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுங்கள்.

கர்த்தர் தாமே நம் வாயில் உண்மையையும், நம் நாவில் அளவையும் தந்து, நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.